கம்பியும் உளியும்: பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் தாடைச் சீரமைப்பின் வரலாறு

கோயம்பேட்டைத் தாண்டிப் பூவிருந்தவல்லியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும், அதிலிருந்து முகப்பேருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் போரூருக்கும் பிரியும் சாலைகளும் அடங்கிய சிறிய நிலப்பரப்பில் இன்று நான்கு பல் மருத்துவக் கல்லூரிகள் இயங்கிவருகின்றன. வேலப்பன்சாவடியில் சவீதா, மதுரவாயலை ஒட்டிய ஆலப்பாக்கம் சாலையில் மீனாட்சி அம்மாள், முகப்பேர் கோல்டன் ஜார்ஜ் நகரில் தாய் மூகாம்பிகை, போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா ஆகியவையே அவை. இந்த நெருக்கம், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி மக்களின் ஒரு குறிப்பிட்ட மருத்துவ முடிவின் வரலாற்றையே மாற்றியிருக்கிறது. எத்துப்பல்லுடனோ, முன்னே நீண்ட கீழ்த்தாடையுடனோ, உள்ளடங்கிய முகவாயுடனோ வளர்ந்த பிள்ளைக்குக் ‘கிளிப்’ போட்டால் போதுமா, அல்லது தாடை எலும்பையே அறுத்து நகர்த்த வேண்டுமா என்பதே அந்த முடிவு. இக்கல்லூரிகளின் புறநோயாளிப் பிரிவுகளில் அன்றாடம் எழும் இக்கேள்விக்குத் தரப்பட்ட விடை ஒவ்வொரு பத்தாண்டிலும் வேறாக இருந்திருக்கிறது. அதற்கான காரணங்களுள் பல எலும்பையும் பல்லையும் சார்ந்தவையே அல்ல.

முதலில் சிக்கலின் இயல்பைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பற்கள் வரிசை தப்பி நிற்பது ஒன்று. பற்களைத் தாங்கும் எலும்பே அளவில் மிகுந்தோ குறைந்தோ, இடம் மாறியோ இருப்பது மற்றொன்று. முதல் வகையைக் கம்பியும் ரப்பர் வளையமும் கொண்டு சீர்செய்யும் துறை பல்வரிசைச் சீரமைப்பு எனப்படுகிறது. இரண்டாம் வகைக்கு மூன்று வழிகள் உண்டு. பிள்ளை வளரும் பருவத்தில் இருந்தால், வளர்ச்சியின் போக்கையே வாய்க்குள் பொருத்தும் கருவியால் ஓரளவு திருப்பலாம். வளர்ச்சி முடிந்த பின்னர், எலும்பை அப்படியே விட்டுவிட்டுப் பற்களை மட்டும் சாய்த்தும் நகர்த்தியும் குறையை வெளித்தெரியாமல் செய்யலாம். இதை மருத்துவர்கள் மறைப்புச் சிகிச்சை என்கின்றனர். மூன்றாவது வழி, எலும்பை அறுத்துச் சரியான இடத்தில் நிறுத்தும் தாடைச் சீரமைப்பு அறுவை ஆகும். மூன்றுக்கும் இடையிலான எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதே இத்துறையின் நூற்றைம்பது ஆண்டுக்கால விவாதம்.

இன்றைய மேற்கு வர்ஜீனியாவில் உள்ள வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் என்ற மருத்துவர், சிறுவயதில் தீக்காயம் பட்டுக் கழுத்துத் தோல் சுருங்கி இழுத்ததால் கீழ்த்தாடையின் முன்பகுதி நீண்டுபோன ஒரு பெண்ணுக்குச் செய்த அறுவையை 1849-இல் பதிவுசெய்தார். மயக்க மருந்து உலகுக்கு அறிமுகமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1897-இல் செயின்ட் லூயி நகரில் வில்ரே பிளேர் என்ற அறுவை மருத்துவர் கீழ்த்தாடையின் இருபுறமும் எலும்பை அறுத்துப் பின்தள்ளினார். அந்தச் சிகிச்சையில் அவருடன் இணைந்திருந்தவர் எட்வர்ட் ஆங்கிள். பற்கள் கடிக்கும் முறையை மூன்று வகுப்புகளாகப் பிரித்து அவர் 1899-இல் தந்த பாகுபாடுதான் இன்றும் சென்னைக் கல்லூரிகளில் முதல் பாடமாக இருக்கிறது. மேல், கீழ்க் கடைவாய்ப்பற்கள் முறையாகப் பொருந்துவது முதல் வகுப்பு, கீழ்வரிசை பின்தங்குவது இரண்டாம் வகுப்பு, கீழ்வரிசை முந்துவது மூன்றாம் வகுப்பு என்பது அதன் சாரம். கம்பித் துறையின் தந்தை எனப் போற்றப்படுபவரே தாடை அறுவையின் தொடக்கத்திலும் பக்கத்தில் நின்றார் என்பது நினைவில் இருத்தத்தக்கது, ஏனெனில் பிற்காலத்தில் இவ்விரு துறைகளும் தனித்தனிக் கட்டடங்களில் தனித்தனி மாணவர்களை வளர்த்துக்கொண்டு, ஒன்றின் நோயாளியை மற்றொன்று பார்க்காமலே பல ஆண்டுகளைக் கடத்தின.

இரண்டு உலகப்போர்களில் சிதைந்த முகங்களைத் தைத்தும் எலும்புகளைப் பொருத்தியும் பெற்ற தேர்ச்சியே நவீன தாடை அறுவைக்கு அடித்தளமிட்டது. ரிச்சர்ட் ட்ரவுனர், ஹ்யூகோ ஒப்வெகெசர் என்ற ஆஸ்திரிய மருத்துவர்கள் இருவர் 1957-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரை, கீழ்த்தாடையை வாய்க்குள்ளிருந்தே, முகத்தில் தழும்பு விழாமல் அறுக்கும் முறையை விவரித்தது. அம்முறை பின்னர் திருத்தம் பெற்று இன்று வழங்கும் வடிவில், காதுக்குக் கீழே நிமிர்ந்து நிற்கும் தாடைப் பகுதியின் உட்புறத்தில், உணர்ச்சி நரம்பு எலும்புக்குள் நுழையும் துளைக்குச் சற்று மேலே கிடைமட்டமாக ஒரு வெட்டும், கடைவாய்ப்பல்லுக்கு அருகே வெளிப்புறத்தில் செங்குத்தாக மற்றொரு வெட்டும் இட்டு, இரண்டையும் முன்விளிம்பு வழியே இணைத்து, மெல்லிய உளிகளை மெதுவாகச் செலுத்தினால் எலும்பு உள்தகடு, வெளித்தகடு என நீளவாக்கில் பிளக்கிறது. பற்களைத் தாங்கும் பகுதி முன்னும் பின்னும் நகரும். தாடை மூட்டைத் தாங்கும் பகுதி அசையாமல் இருக்கும். பிளந்த இரு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்பதால் எலும்பு கூடுவதற்குப் போதிய பரப்பும் கிடைக்கும். நரம்பு அந்தப் பிளவின் நடுவிலேயே ஓடுவதால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போவது இந்த அறுவையின் கூடப்பிறந்த இடர். பெரும்பாலானோருக்கு மாதங்களில் உணர்ச்சி திரும்பும். சிலருக்கு அது ஓரளவு நிரந்தரமாகவே தங்கிவிடும்.

மேல்தாடை அறுவை முதிர்வதற்கு மேலும் காலம் பிடித்தது. பிரான்சின் ரெனே லெஃபோர் 1901-இல் சடலங்களை வைத்துச் செய்த ஆய்வில், முகத்தில் அடிபடும்போது மேல்தாடை எந்தெந்தக் கோடுகளில் முறிகிறது என்பதை வகுத்துக் காட்டியிருந்தார். அவற்றுள் முதலாவது கோட்டின் வழியே மேல்தாடையை முழுதாக விடுவித்துக் கீழிறக்கினால் அதற்கு இரத்தம் எங்கிருந்து வரும் என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. டல்லஸ் நகரில் வில்லியம் பெல் குரங்குகளில் செய்து 1975-இல் வெளியிட்ட ஆய்வு, அண்ணத்தின் மென்திசு வழியே வரும் இரத்த ஓட்டமே போதும் என்பதைக் காட்டி அந்த அச்சத்தைப் போக்கியது.

இவையெல்லாம் அயல்நாடுகளில் நிகழ்ந்துகொண்டிருந்தபோது சென்னையின் மேற்குப் புறநகரில் தொழிற்சாலைகள் எழுந்துகொண்டிருந்தன. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1960-களின் நடுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. வேலை தேடிக் குடியேறிய குடும்பங்களுக்குப் பல் மருத்துவம் என்றால் அது பெரும்பாலும் வலிக்கும் பல்லைப் பிடுங்குவதாகவே இருந்தது. அதற்கு மேல் ஏதேனும் தேவைப்பட்டால் ரயில் ஏறி நகரத்துக்குள் செல்ல வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாக 1953-இல் தொடங்கி, பின்னர் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தனிக் கல்லூரியாக வளர்ந்த அரசுப் பல் மருத்துவக் கல்லூரிதான் வட தமிழகம் முழுமைக்கும் புகலிடம். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் 1920-இல் நிறுவியிருந்தார், பல் மருத்துவர் சட்டம் 1948-இல்தான் இயற்றப்பட்டது என்பவற்றோடு சேர்த்துப் பார்த்தால் சென்னையின் தொடக்கம் மிகப் பிந்தியதன்று. எனினும் ஆவடியில் ஆலைக்குச் செல்லும் ஒரு தந்தை, மாதம் ஒருமுறை அரைநாள் விடுப்பெடுத்து மகளைக் கம்பி முறுக்கக் கோட்டைக்கு அழைத்துச் செல்வதும், அதையே இரண்டாண்டுகள் விடாமல் செய்வதும் எளிய காரியமாக இருக்கவில்லை. அக்காலத்தில் ‘கிளிப்’ என்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் அடையாளமாகக் கருதப்பட்டது அதனால்தான்.

அன்று இந்தியக் கல்லூரிகளில் வேரூன்றிய கம்பிமுறை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த ரேமண்ட் பெக் 1950-களில் வகுத்தது. மெல்லிய வட்டக் கம்பியும் இலேசான விசையும் கொண்டு பற்களை முதலில் சாய்த்து, பின்னர் வேர்களை நிமிர்த்துவது அதன் இயல்பு. நான்கு முன்கடைவாய்ப்பற்களைப் பிடுங்கி இடம் உண்டாக்குவது அதில் வழக்கம். தென்னிந்திய முகங்களுக்கு இம்முறை பொருந்தி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுமே எலும்போடு சேர்ந்து முன்தள்ளி, உதடுகள் முயன்றாலன்றி மூடாத நிலை இப்பகுதியில் மிகுதியாகக் காணப்படுகிறது. கடிக்கும் முறை முதல் வகுப்பாகவே இருக்கும், மெல்லுவதில் குறையிராது, ஆனால் பக்கவாட்டுத் தோற்றத்தில் உதடுகள் முகவாயையும் மூக்கையும் மீறி நிற்கும். நான்கு பற்களை எடுத்து அந்த இடைவெளிக்குள் முன்பற்களைப் பின்னிழுப்பது இந்நிலைக்கு நேரான தீர்வாகத் தோன்றியதால், பெக் முறை ஏறத்தாழ ஒரு தலைமுறை இங்கே ஆட்சி செலுத்தியது.

இவ்விடத்தில் அளவுகோல் பற்றிய ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. கிளீவ்லாந்தில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் 1931-இல் தனித்தனியே அறிமுகப்படுத்திய பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, தலையை ஒரு சட்டத்தில் நிலைநிறுத்தி, ஐந்தடி தொலைவிலிருந்து எடுக்கப்படுவதால், இன்று எடுத்த படத்தையும் மூன்றாண்டு கழித்து எடுத்த படத்தையும் ஒப்பிட இடம் தந்தது. முதுநிலை மாணவர் அந்தப் படத்தை விளக்குப் பெட்டியின்மேல் வைத்து, மேலே மங்கலான அசிட்டேட் தாளை ஒட்டி, கூர்சீவிய கடினப் பென்சிலால் மண்டையோட்டின் அடி, மூக்குவேர், மேல்தாடையின் குழிவு, கீழ்த்தாடையின் குழிவு ஆகியவற்றைக் குறித்து, கோடுகளை இணைத்துக் கோணங்களை அளப்பார். மேல்தாடைக்கு 82 பாகை, கீழ்த்தாடைக்கு 80 பாகை, இரண்டுக்கும் வேறுபாடு 2 பாகை என்பது அமெரிக்காவின் ஸ்டைனர் 1953-இல் தந்த இயல்பளவு. இந்த எண்கள் வெள்ளையர் முகங்களிலிருந்து பெறப்பட்டவை. அவற்றை அப்படியே ஒரு தமிழ் முகத்தின்மேல் பொருத்தினால், நிறைவாகவும் அழகாகவும் இருக்கும் உதடுகள் நோய்க்குறியாகிவிடும். தென்னிந்தியர்க்கெனத் தனி அளவுகளைத் தேடிப் பல ஆய்வுகள் எழுந்தது இந்தத் துறை இங்கே அடைந்த முதிர்ச்சியின் மிக நல்ல அடையாளம். தாடையைத் திருத்துவதற்கு முன் யாருடைய முகத்தை இலக்காக வைத்துத் திருத்துகிறோம் என்று கேட்பது மருத்துவத்தின் பகுதியே தவிர அதற்குப் புறம்பானதன்று.

1980-களின் நடுவில் தமிழகத்தில் சுயநிதித் தொழிற்கல்விக்கு வழிதிறந்ததும் காட்சி மாறியது. போரூரில் 1985-இல் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. வேலப்பன்சாவடியில் 1988-இல் சவீதா பல் மருத்துவக் கல்லூரி வந்தது. 1990-களின் தொடக்கத்தில் மீனாட்சி அம்மாளும் தாய் மூகாம்பிகையும் தோன்றின. 1995-இல் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் பல் மருத்துவப் பிரிவு உருவாயிற்று. நெடுஞ்சாலையோரம் நிலம் மலிவாகக் கிடைத்ததும், பெங்களூர் செல்லும் பேருந்துகள் அனைத்தும் அவ்வழியே சென்றதும் இந்த இடத்தேர்வுக்குக் காரணங்களாயின. மாணவர்க்குப் பயிற்சி அளிக்கப் புறநோயாளிகள் வேண்டும் என்பது விதி. ஆகவே கல்லூரிகள் திருமழிசை, திருநின்றவூர், திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களில் முகாம் நடத்தி, தங்கள் பேருந்துகளிலேயே மக்களை அழைத்து வந்து, குறைந்த கட்டணத்தில் சிகிச்சை அளித்தன. கம்பி போடுவது முதன்முறையாக அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளியின் கைக்கு எட்டியது இப்படித்தான். கல்விக் கட்டணம் பற்றி எத்தனை விமர்சனம் இருந்தாலும், இந்த ஒன்றில் அக்கல்லூரிகள் புறநகருக்குச் செய்த நன்மையை மறுக்க முடியாது.

அறுவைத் துறையை வளர்த்தது வேறொரு துயரம். பெங்களூர் நெடுஞ்சாலையிலும், பின்னர் மதுரவாயலை மையமாகக்கொண்டு தெற்கே தாம்பரத்துக்கும் வடக்கே அம்பத்தூர் வழியாகப் புழலுக்கும் நீண்ட புறவழிச்சாலையிலும், தலைக்கவசமின்றி இருசக்கர வாகனத்தில் சென்றோரின் தாடைகள் முறிந்தன. லெஃபோர் சடலங்களில் கண்ட முறிவுக்கோடுகளை இங்குள்ள இளம் மருத்துவர்கள் நள்ளிரவு அவசரப் பிரிவில் உயிருள்ளவர்களிடம் கண்டு கற்றனர். ஃபிரான்சில் மிஷெலேயும் ஷாம்ப்பியும் 1970-களில் பரப்பிய சிறு உலோகத் தகடுகள் இந்தியச் சந்தைக்கு வந்தபோது, அவற்றை முறிந்த எலும்பில் திருகிப் பழகிய கைகள், அறுத்த எலும்பிலும் திருகத் தயங்கவில்லை. தகடு வருவதற்கு முன்னர், தாடை அறுவைக்குப் பின் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கம்பியால் இறுகக் கட்டி ஏறத்தாழ ஆறு வாரம் வாய் திறக்காமல் வைத்திருப்பது வழக்கம். கஞ்சித் தெளிவும் மோரும் பழச்சாறும் கடைவாய்க்குப் பின்னுள்ள இடுக்கின் வழியே உறிஞ்சியே அந்நாள்களைக் கழிக்க வேண்டும். தகடு அந்தத் தண்டனையை நீக்கியது. அறுவைக்கு ‘சரி’ சொல்வோர் எண்ணிக்கை பெருகியதில் இந்த ஒரு மாற்றத்துக்கு, எந்த விளம்பரத்தையும்விடப் பெரிய பங்கு உண்டு.

இக்காலத்தில் இப்பகுதியில் மிகுதியாகச் செய்யப்பட்ட தாடை அறுவை, ஒப்வெகெசரின் கீழ்த்தாடைப் பிளவன்று. மேல்தாடையின் முன்பகுதியை மட்டும் அறுத்துப் பின்னே நகர்த்தும் அறுவையே ஆகும். இருபுறமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப்பல்லை எடுத்து, அவ்விடத்திலேயே எலும்பை அறுத்து, ஆறு முன்பற்களைத் தாங்கும் துண்டை ஒரே நாளில் ஐந்தாறு மில்லிமீட்டர் பின்னே அமர்த்திவிடலாம். கம்பியால் ஓராண்டுக்கு மேல் இழுக்க வேண்டியதை ஒரு முற்பகலில் முடித்துவிடும் இம்முறைக்கு இங்கே இவ்வளவு வரவேற்பு கிடைத்ததற்கான காரணத்தை எலும்பியலில் மட்டும் தேடினால் அகப்படாது. பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் வரன் பார்க்கத் தொடங்கும் குடும்பங்களில், பல்லில் கம்பியோடு பெண் பார்க்கும் படலத்துக்கு அமர்த்துவதைப் பெற்றோர் விரும்பவில்லை. முகூர்த்தத்துக்கு முன் வேலை முடிய வேண்டும் என்பதே கோரிக்கையாக இருந்தது. அறுவை அந்தக் கோரிக்கைக்கு விடை தந்தது. ஆனால் மூக்கின் அடி அகல்வது, மேலுதடு தட்டையாவது, அரிதாக முன்துண்டின் இரத்த ஓட்டம் குன்றுவது ஆகிய விலைகளும் அதற்கு உண்டு. எலும்பு செங்குத்தாக மிகுந்து, சிரிக்கும்போது ஈறு பெரிதும் வெளித்தெரியும் முகங்களுக்கு அது சரியான சிகிச்சை. எலும்பு சரியாக இருந்து பற்கள் மட்டும் சாய்ந்திருக்கும் முகங்களுக்குத் திருமண நாளை முன்னிட்டு அதைச் செய்வது, நாள்காட்டி எழுதித் தந்த மருந்துச்சீட்டாகவே கொள்ளத்தக்கது.

மறைப்புச் சிகிச்சைக்கும் அறுவைக்கும் இடையே நடுவழி இல்லை என்பது, பாதிக்கப்பட்டோர் பலர் பிந்தியே அறிந்துகொண்ட உண்மை. கீழ்த்தாடை முன்னே நீண்ட மூன்றாம் வகுப்பு முகத்தை எடுத்துக்கொள்ளலாம். இயற்கை தானாகவே குறையை ஈடுகட்ட முயல்வதால், இத்தகையோரின் மேல் முன்பற்கள் வெளியே சாய்ந்தும் கீழ் முன்பற்கள் உள்ளே சாய்ந்தும் இருக்கும். மறைப்புச் சிகிச்சை செய்பவர் இதே திசையில் மேலும் செல்வார். கீழே இரு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துக் கீழ் முன்பற்களை இன்னும் உள்ளே இழுப்பார். அறுவைக்கு ஆயத்தம் செய்பவரோ நேர் எதிராக, மேலே இரு பற்களை எடுத்து மேல் முன்பற்களை உள்ளே கொணர்ந்து, கீழ் முன்பற்களை நிமிர்த்தி, எலும்பின் உண்மையான குறையை முழுதாக வெளிக்காட்டுவார்; அந்த மாதங்களில் முகம் முன்னைவிட மோசமாகத் தோன்றும் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லித் துணிவூட்ட வேண்டியிருக்கும். இரண்டாம் வகுப்பில் இந்த ஏற்பாடு தலைகீழாகும். ஆகவே கம்பி போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் அறுவைக்குப் போவோம் என்ற எண்ணத்தில் பல்லைப் பிடுங்கிவிட்டால், பின்னர் அறுவை மருத்துவரின் மேசைக்கு வருபவரிடம் இருக்க வேண்டிய பல் இராது, இல்லாதிருக்க வேண்டிய பல் இருக்கும்; இடைவெளிகளை மீண்டும் திறக்க ஓராண்டுக்கு மேல் ஆகலாம்.

எவ்வளவு குறையைக் கம்பியால் தாங்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் வில்லியம் ப்ராஃபிட்டும் ஜேம்ஸ் ஆக்கர்மனும் 1980-களில் தந்த வரைபடம் முதுநிலை மாணவர்க்குப் பாடமாயிற்று. முன்தள்ளிய மேல் முன்பற்களைக் கம்பியால் மட்டும் பின்னிழுப்பதற்கு எல்லை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். வளர்ச்சியின் துணை இருந்தால் 12. அறுவை சேர்ந்தால் 15. கீழ்வரிசையைப் பின்கொணர்வதில் இந்த வேறுபாடு மிகவும் விரிகிறது: கம்பிக்கு 3 மில்லிமீட்டர், அறுவைக்கு 25 வரை. நீண்ட கீழ்த்தாடைக்குக் கம்பி மட்டும் போட்டுக்கொண்டவர்களுள் பலர் ஏன் மனநிறைவு அடையவில்லை என்பதை இந்த இரண்டு எண்களே விளக்கிவிடுகின்றன. எனினும் இவை எல்லைகளே அன்றி ஆணைகள் அல்ல. 4 மில்லிமீட்டர் குறையுள்ள ஒருவர் தம் முகத்தோடு உடன்பட்டு, நன்றாக மென்று உண்டு வாழ்ந்தால், அவருக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்பதும் முறையான மருத்துவ முடிவே.

1997-இல் ஜப்பானின் கனோமி 1.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு திருகைத் தாடையில் பொருத்தி, அதைப் பிடிமானமாகக்கொண்டு பற்களை நகர்த்திக் காட்டியது எல்லைக்கோட்டை மேலும் அசைத்தது. அதுவரை ஒரு பல்லை இழுக்க மற்றொரு பல்லைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்த பல்லும் சேர்ந்து நகர்ந்தது. எலும்பே பிடிமானமானதும் முன்பற்கள் முழுமையாகப் பின்சென்றன. கடைவாய்ப்பற்களை எலும்புக்குள் அழுத்தி, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத திறந்த கடியை அறுவையின்றி மூடலாம் என்பதையும் 1999-இல் ஜப்பானிய மருத்துவர்களே காட்டினர். வேலப்பன்சாவடி, மதுரவாயல் கல்லூரிகளின் முதுநிலை மாணவர்க்கு இன்று இத்திருகு அன்றாடக் கருவி. முன்பு மேல்தாடையின் முன்பகுதியை அறுத்திருக்கக்கூடிய முகங்களுள் பலவற்றுக்கு இன்று நான்கு திருகுகள் போதுமானவையாக இருக்கின்றன. மறுபுறம், செண்டாய் நகர மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட முறைப்படி, முதலில் அறுவை, பிறகு கம்பி என்று வரிசையை மாற்றியதால் அறுவை தேவைப்படுவோரின் காத்திருப்பும் சுருங்கியிருக்கிறது. கணினியில் முப்பரிமாணப் படத்தை வெட்டி நகர்த்தி, அதற்கேற்ற கடித்தட்டை அச்சிட்டு எடுப்பது, சுண்ணக்கட்டி வார்ப்பை ரம்பத்தால் அறுத்து மெழுகால் ஒட்டிப் பார்த்த பழைய முறையின் இடத்தைப் பிடித்துவருகிறது. 1997-இல் கலிபோர்னியாவில் தோன்றிய நிறமற்ற தட்டுகள் அண்ணா நகரிலும் முகப்பேரிலும் பரவலாக விற்கப்படுகின்றன; பற்களைச் சீராக்க அவை உதவும், எலும்பை அவை அசைப்பதில்லை.

பிளவுபட்ட உதடும் அண்ணமும் கொண்டு பிறந்த பிள்ளைகளின் நிலை தனித்துப் பேசத்தக்கது. அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்மைல் ட்ரெயின் அமைப்பு 2000-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் இப்பிளவுகளை இலவசமாக மூட உதவிவருகிறது. குழந்தைப் பருவத்தில் அண்ணத்தைத் தைத்த தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியைத் தடுக்கும். பதின்பருவத்தில் முகத்தின் நடுப்பகுதி குழிந்து கீழ்த்தாடை முன்னே நிற்பதுபோல் தோன்றும். இவர்களுக்கு மறைப்புச் சிகிச்சை பெரும்பாலும் பயன்படுவதில்லை. மேல்தாடையை முன்கொணரும் அறுவையோ, அறுத்த எலும்பைத் திருகுக்கருவியால் நாள்தோறும் ஒரு மில்லிமீட்டர் அளவில் இழுத்து நீட்டும் முறையோதான் வழி. இங்கே அறுவையை அழகுக்கானது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆனால் பிளவு இல்லாத ஒருவரின் குறுகிய கீழ்த்தாடை அவருடைய உறக்கத்தில் மூச்சைத் தடுத்தாலும், பொதுவான காப்பீட்டுத் திட்டங்கள் அழகுச் சிகிச்சையை விலக்கிவைக்கும் விதியின்கீழ் அவர் விண்ணப்பம் சிக்கிக்கொள்ள நேர்கிறது. மெல்லவும் பேசவும் மூச்சுவிடவும் இயலாமை என்பது அழகுக் குறையன்று. காப்பீட்டு விதிகள் அதை எழுத்திலேயே வேறுபடுத்த வேண்டும்.

இத்தனைக்கும் இடையே மிகக் குறைவாகப் பயன்படுத்தப்பட்டது முதல் வழியான வளர்ச்சித் திருப்பம்தான். டென்மார்க்கில் ஆந்த்ரேசன் 1908-இலேயே தளர்வான தட்டொன்றால் கீழ்த்தாடையை முன்வளரத் தூண்டினார். ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கிய இரட்டைக்கட்டைக் கருவி அதன் எளிய வாரிசு. மேலொன்றும் கீழொன்றுமாக இரு அக்ரிலிக் தட்டுகள். சாய்ந்த முகப்புகள் ஒன்றோடொன்று மோதுவதால் வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடை முன்வந்தே அமர வேண்டியிருக்கும். கல்லூரியின் ஆய்வகத்திலேயே செய்துவிடக்கூடிய, மலிவான கருவி இது. ஆனால் உயரம் விரைந்து கூடும் ஓரிரு ஆண்டுகளில், அதாவது பெண்களுக்கு ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு வயதிலும் ஆண்களுக்கு அதற்கு ஓரிரண்டு ஆண்டு பின்னரும் அணிந்தால்தான் முழுப்பயன் தரும். மேல்தாடை வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு நெற்றியிலும் முகவாயிலும் ஊன்றும் முகக்கவசத்தால் மேல்தாடையை முன்னிழுக்க வேண்டுமாயின், எட்டு, ஒன்பது வயதே உகந்த காலம். பால்பல் எப்படியும் விழுந்து முளைக்கும், எல்லாப் பல்லும் வரட்டும் பார்க்கலாம் என்று பெற்றோர் காத்திருப்பதும், பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும் என்று மேலும் தள்ளிப்போடுவதும் இந்தக் காலத்தைக் கடத்திவிடுகின்றன. பதினேழு வயதில் மதுரவாயலுக்கு வரும் பிள்ளைக்கு எஞ்சுவது மறைப்பும் அறுவையும் மட்டுமே. அறுவையும் தாடை வளர்ச்சி நின்றுவிட்டது என உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டும், அது ஆண்களுக்கு இருபதைத் தாண்டுவதும் உண்டு.

எனவே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பெற்றோர், பிள்ளைக்கு ஏழு வயது நிறைந்ததும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அருகிலுள்ள கல்லூரியின் பல்வரிசைச் சீரமைப்புத் துறையில் ஒருமுறை காட்டிவிட வேண்டும். வளர்ந்தவர்கள், ஒரு பல்லையேனும் பிடுங்கச் சம்மதிப்பதற்கு முன், சீரமைப்பு மருத்துவரும் தாடை அறுவை மருத்துவரும் ஒரே எக்ஸ்ரேயை ஒரே நாளில் சேர்ந்து பார்த்துச் சொல்லும்படி கேட்க வேண்டும். இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கும் இந்தச் சாலையில் அப்படிக் கேட்பது நோயாளியின் உரிமை.